வான்கோழி வால் விசிறி: முதலில் காயட்டும், அப்புறம் பலகை வாங்கலாம்

கேள்வி: சார், வேட்டைக்குப் போகும் நண்பர் ஒருவர் காட்டு வான்கோழியின் வாலை அப்படியே வெட்டிக் கொடுத்தார். ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். விசிறி மாதிரி விரித்துச் சுவரில் மாட்ட ஆசை. இதற்கென்றே ‘கிட்’ விற்கிறார்கள். அதை வாங்கினால் வேலை முடிந்துவிடுமா?

பதில்: முடியாது. பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும் தெரியுமா? செதுக்கி வார்னிஷ் அடித்த பலகை ஒன்று, விசிறியின் அடிப்பகுதியை மறைக்கும் முன்துண்டு ஒன்று, நாலைந்து திருகாணி, மாட்டுவதற்கு ஒரு கொக்கி. சேவலின் மார்பில் தொங்கும் மயிர்க்கற்றையான தாடியைத் தொங்கவிட ஒரு துளையும் இருக்கலாம். இதெல்லாம் கடைசி அரை மணி நேர வேலைக்கு வேண்டியவை. அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டிய எதுவும் பல கிட்டுகளில் இருப்பதில்லை. ஈரத்தை இழுக்கும் வெள்ளைத் தூளான வெங்காரம் சேர்த்தி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் எத்தனை கிராம் என்று பாருங்கள். ஒரு கைப்பிடிதான் இருக்கிறது என்றால், அது பேருக்குப் போட்டதுதான்.

என் யோசனை வேறு. கிட்டை இப்போது வாங்கவே வேண்டாம். முதலில் வாலைச் சுத்தம் செய்து, விரித்து, காய வையுங்கள். நன்றாக வளர்ந்த சேவலின் நீளமான வால் இறகு ஒன்று 35 முதல் 40 சென்டிமீட்டர் வரை இருக்கும். அரைவட்டமாக விரித்தால் முக்கால் மீட்டர் அகலம் வந்துவிடும். அடிப்பகுதி எவ்வளவு பருமனாக நிற்கும் என்பது நீங்கள் எவ்வளவு சதையை எடுத்தீர்கள், எவ்வளவு விரித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. காய்ந்த பிறகு அந்த அடிப்பகுதியின் அகலத்தையும் கனத்தையும் அளந்துகொண்டு போய்ப் பலகை வாங்கினால், முன்துண்டு அதை முழுக்க மறைக்கும். முதலிலேயே வாங்கியவர்கள் கடைசியில் பலகைக்கு ஏற்றபடி வாலைச் செதுக்குகிறார்கள். தொப்பிக்காகத் தலையைச் சீவுகிற கதைதான்.

கொஞ்சம் மரவேலை தெரிந்தால் பலகையை நீங்களே அறுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான கிட்டுகளின் விலை அந்த வார்னிஷுக்குத்தான்.

கேள்வி: போன வருடம் நானே ஒரு விசிறி செய்தேன். வெங்காரம் தாராளமாகத்தான் போட்டேன். நாலு மாதத்தில் லேசான வாடை, கீழே தரையில் பழுப்பாக ஏதோ தூள். நான் வாங்கிய வெங்காரம் போலியா? கடைக்காரரிடம் சண்டை போடலாமா?

பதில்: சண்டை வேண்டாம், தப்பு அவர் பக்கம் இருக்காது. கைப்பிடி பூதக்கண்ணாடி இருந்தால் அந்தத் தூளைப் பாருங்கள். அதில் மயிர் முளைத்த சின்னச் சின்னக் கூடுகள் தெரியும். தோல்வண்டின் புழு சட்டை உரித்துப்போட்டது அது. எனக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் என்னுடைய முதல் விசிறியும் இப்படித்தான் போனது. மேலே பார்த்தால் வெண்கல மினுமினுப்பு, குறை ஒன்றும் இல்லை. கழற்றிப் பின்பக்கம் திருப்பினேன். இரண்டு காம்புகளுக்கு நடுவில், கட்டைவிரல் நுனி அளவுக்குச் சதையை விட்டு வைத்திருந்தேன். அதற்கு மேல் வெங்காரம் பாறை மாதிரி இறுகியிருந்தது. அதன் அடியில் சதை ஈரமாகவே இருந்திருக்கிறது. புழுவுக்குக் கூரை போட்டுக் கொடுத்தது நானேதான்.

வெங்காரம் மேற்பரப்பில் உள்ள ஈரத்தை இழுக்கும், பூச்சிக்கும் ஆகாது. ஆனால் கனமான சதைக்குள் அது இறங்காது. அதனால் விசிறி நிலைப்பதும் கெடுவதும் சுரண்டுவதில்தான் இருக்கிறது. வாலின் அடியைக் கையில் எடுத்தால், மேல்பக்கம் நடுவில் சின்ன மொட்டு மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அது எண்ணெய்ச் சுரப்பி. பறவை இறகு கோதும்போது எண்ணெய் எடுப்பது அதிலிருந்துதான். அதைச் சுற்றி வெட்டி முழுதாக எடுத்துவிட வேண்டும். விட்டால் மஞ்சள் கொழுப்பு மாதக்கணக்கில் கசிந்து இறகில் ஏறும். அப்புறம் கீழ்ப்பக்கத்திலிருந்து வால் எலும்பை எடுங்கள். பிறகு காம்புகளுக்கு இடையில் உள்ள சதையையும் கொழுப்பையும், ஒவ்வொரு காம்பும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும்வரை சுரண்டுங்கள். மொட்டைக் கத்தி, பழைய ஸ்பூனின் விளிம்பு, கம்பி பிரஷ் ஆகிய மூன்றும் போதும். கூரான கத்தியை அவசரமாக ஓட்டினால் காம்புகளைப் பிடித்திருக்கும் தோல் அறுந்து, இறகுகள் ஒவ்வொன்றாகக் கையோடு வந்துவிடும். வந்துவிட்டாலும் குடி முழுகிவிடாது, கடைசியில் எபாக்ஸி வைத்து ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் எது எங்கே இருந்தது என்று காம்பில் எண் எழுதி வையுங்கள்.

ரத்தமோ கொழுப்போ இறகில் பட்டிருந்தால், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசலாம். நனைந்த இறகைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும், மழையில் நனைந்த கோழி மாதிரிதான் இருக்கும். பயப்படாதீர்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, அடியிலிருந்து நுனிப்பக்கமாகக் காட்டினால் உப்பிக்கொண்டு பழைய நிலைக்கு வந்துவிடும். பிரிந்து நிற்கும் இழைகளை விரலால் நுனிப்பக்கம் நீவினால் ஒன்றோடொன்று மறுபடி பற்றிக்கொள்ளும்.

இப்போது உங்கள் விசிறிக்கு வருவோம். காற்றுப் புகாத பையில் போட்டு, -18 டிகிரியில் இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும், இல்லையென்றால் இறகின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். பிறகு பின்பக்கத்தை மறுபடி சுரண்டிப் புதிதாக வெங்காரம் போடுங்கள். சுரண்டாமல் ஃப்ரீசரில் மட்டும் வைத்தால் அடுத்த வண்டு வந்து முட்டையிடும்.

கேள்வி: வெங்காரமா, உப்பா, படிகாரமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் ஃபார்மலின் ஊசி போட்டால் சதையை எடுக்கவே வேண்டாம் என்கிறார்.

பதில்: ஃபார்மலின் பேச்சை முதலிலேயே முடித்துவிடலாம். வேண்டாம். அதிலிருந்து வருவது ஃபார்மால்டிஹைடு வாயு. கண்ணையும் மூச்சையும் எரிக்கும். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்ட பொருள். அரை மணி நேரச் சுரண்டலுக்குச் சோம்பல்பட்டு அதை வீட்டுக்குள் கொண்டுவருவது வீண் வேலை.

உப்பு மலிவு, ஈரத்தையும் நன்றாக இழுக்கும். சிக்கல் என்னவென்றால், காற்றில் ஈரம் ஏறும் நாட்களில் அதுவே ஈரத்தைத் திரும்ப வாங்கிக் கசியும். திருகாணியும் துருப்பிடிக்கும். படிகாரம் தோல் பதனிடுகிறவர்களின் சரக்கு. வாலின் அடிக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வெங்காரம்தான் இந்த வேலைக்குச் சரி. ‘போராக்ஸ்’ என்று போட்டிருப்பதும் இதேதான். தங்கம் பற்றவைக்கிறவர்கள் பயன்படுத்துவதும் இதைத்தான்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். வெங்காரம், படிகாரம், சமையல் சோடா மூன்றுமே வெள்ளையாக இருக்கும். சில்லறையாகப் பொட்டலத்தில் வாங்கினால் மாறிப்போக வாய்ப்பு உண்டு. அச்சிட்ட பெயரோடு, மூடிய பாக்கெட்டாக வாங்குங்கள். சலவைக்கென்று விற்பதை எடுத்தால் வாசனையும் சோப்பும் சேர்க்காததா என்று பாருங்கள். இன்னொன்று, கட்டியாக இருந்தால் மாவு மாதிரி இடித்துக்கொள்ளுங்கள், கட்டி சந்துகளில் போகாது. ஒரு வாலுக்கு அரைக் கிலோ இருந்தால் தாராளம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தூளை மூச்சில் இழுக்காதீர்கள், மிச்சத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வயிற்றுக்குள் போனால் வெங்காரம் நஞ்சுதான். சில நாடுகளில் பொதுமக்களுக்கு விற்கக் கட்டுப்பாடும் உண்டு.

கேள்வி: விரித்துக் குத்தும்போது ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் நெருக்கமாகவும் வந்துவிடுகிறது. இதற்கென்று சட்டம் ஏதாவது விற்கிறார்களா?

பதில்: விற்கலாம், ஆனால் தேவையில்லை. பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்த அட்டை அல்லது தெர்மோகோல் பலகை, ஒரு டப்பா குண்டூசி. அட்டையில் ஒரு நேர்கோடும் அதன் நடுவிலிருந்து செங்குத்தாக ஒரு கோடும் போடுங்கள். வான்கோழி வாலில் பெரிய இறகுகள் வழக்கமாக 18 இருக்கும். அதாவது நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் 9, அந்தப் பக்கம் 9. முதலில் எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு உதிர்ந்திருந்தால் அந்த இடைவெளியைப் பக்கத்து இறகுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம்.

முதுகுப் பக்கம் மேலே இருக்கட்டும். சேவல் வாலை நிமிர்த்தி விரித்து எதிரே வரும்போது நாம் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். நடு இரண்டு இறகை முதலில் நிறுத்துங்கள், அப்புறம் இரண்டு ஓரத்து இறகுகளையும் நேர்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள், இடையில் உள்ளவற்றைப் பிறகு பங்கிடுங்கள். ஒரு பக்கமிருந்து வரிசையாகக் குத்திக்கொண்டே போவதால்தான் உங்களுக்குக் கோணுகிறது. குண்டூசியை இறகில் குத்தாதீர்கள், தண்டை ஒட்டி இரண்டு பக்கமும் சாய்வாகக் குத்தினால் அது அசையாது. அப்புறம் சின்ன மேலடுக்கு இறகுகளையும் விரலால் நீவிப் படிய வையுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். காய்ந்த பிறகு அவை வளையாது.

வெயிலில் வைக்க வேண்டாம், பிளாஸ்டிக் போட்டு மூடவும் வேண்டாம். காற்றோட்டமான இடம், பூனையும் எலியும் எட்டாத உயரம். இரண்டு வாரமும் ஆகலாம், நாலு வாரமும் ஆகலாம். அடிப்பகுதியை நகத்தால் தட்டினால் மரத்தைத் தட்டிய சத்தம் வர வேண்டும். அதன் பிறகு காம்புகளின் அடியை எபாக்ஸி புட்டியிலோ, கார் டிங்கரிங்குக்குப் போடும் புட்டியிலோ பதித்துவிட்டால் விசிறி ஒரே துண்டாகிவிடும். கார் புட்டியின் நெடி கடுமையானது, வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

கேள்வி: இவ்வளவு வேலை என்னால் ஆகாது. தயாராக விற்கும் விசிறி வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் விற்பவர் முன்பக்கப் படத்தை மட்டும் காட்டுவார், பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பின்பக்கத்தில் கொழுப்பின் மஞ்சள் கசிவும், இறகுத் தண்டில் அரித்த தடமும் இருக்கக் கூடாது.

‘பெரிய சேவல்’ என்று சொல்லி இளஞ்சேவலின் வாலை விற்பதும் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். இளசுக்கு நடுவில் உள்ள சில இறகுகள் மட்டும் மற்றவற்றைவிட நீளமாகத் துருத்தி நிற்கும். வளர்ந்த சேவலுக்கு விளிம்பு ஒரே வளைவாக ஓடும். இளசின் விசிறியும் அழகுதான், மயிலைக் காட்டி வான்கோழியைக் கேலி செய்தே பழகிய நமக்கு அது தெரிவதில்லை. ஆனால் பெரியதற்கான விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. நுனி நிறமும் ஒரு தடயம். கிழக்கு வட அமெரிக்க இனத்துக்கு நுனி செம்பழுப்பு, மலைப்பகுதி மெரியம் இனத்துக்கு வெளிர்நிறம் அல்லது வெள்ளை. விற்பவர் சொல்லும் இனமும் படத்தில் உள்ள நிறமும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பழம்பொருள் என்று விற்கும் விசிறியிடம் மட்டும் ஜாக்கிரதை. 18-ஆம் நூற்றாண்டிலிருந்து 20-ஆம் நூற்றாண்டு வரை பறவைத் தோலைப் பாடம் செய்கிறவர்கள் பாஷாணம் (ஆர்சனிக் நஞ்சு) கலந்த சோப்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அடியில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அது வெங்காரம்தான் என்று நினைத்துத் தட்டாதீர்கள், ஊதாதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம்.

கேள்வி: தொழில்முறையில் செய்பவரிடம் கொடுத்தேன். எட்டு மாதம் ஆகியும் வரவில்லை. இப்போது வந்திருப்பது என் வால்தானா என்றே சந்தேகம்.

பதில்: கொடுக்கும் முன் நீங்கள் படம் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். எடுத்திருந்தால் உடைந்த இறகு, நுனியில் தேய்வு, நிறப்பட்டை ஆகியவற்றை ஒப்பிட்டு ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம், கைரேகை மாதிரி. நண்பர்கள் யாரிடமாவது படம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தாமதத்தைப் பொறுத்தவரை, ரசீதில் தேதி எழுதி வாங்கியிருந்தால் கழிவு கேட்க உங்களுக்குப் பிடி இருக்கும். வாய்ப்பேச்சு என்றால் கஷ்டம்தான். இந்தத் தொழிலில் வேட்டைப் பருவம் முடிந்ததும் வேலை குவிந்துவிடும், மாதக்கணக்கில் ஆவது வழக்கம்தான். அடுத்த முறை கொடுக்கும்போது, சதையை முழுக்க எடுப்பாரா, ஊசி போட்டு விட்டுவிடுவாரா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்வதற்குள் அவர் முகமே சொல்லிவிடும்.

கேள்வி: செய்த விசிறியை விற்கலாமா? வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பலாமா?

பதில்: அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டத்துக்குள் வான்கோழி வராது. ஆனால் காட்டு வான்கோழியின் உறுப்புகளை விற்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அழகுக்காகப் பருந்து, கழுகு இறகை நடுவில் செருகினீர்களோ, அந்தச் சட்டத்துக்குள் நேராகப் போய் விழுவீர்கள். நாடு விட்டு நாடு அனுப்பும் முன் வாங்குகிறவர் நாட்டின் இறக்குமதி விதியை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் பயத்தில் சரியாகப் பதப்படுத்தாத இறகைச் சுங்கத்திலேயே நிறுத்திவிடலாம்.

கேள்வி: விசிறியில் தூசி படிகிறது. எதை வைத்துத் துடைப்பது?

பதில்: ஹேர் டிரையர், சூடில்லாத காற்று, அடியிலிருந்து நுனிக்கு. ஈரத்துணி வேண்டாம். ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தால் இடத்தை மாற்றுங்கள், பழுப்பு நிறம் வெயிலில் வெளுத்துப்போகும்.