பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா தனிமைக் கொள்கையை ஏன் கைவிட்டது?

பிற நாடுகளின் போர்களிலிருந்து விலகி நிற்பதே தனிமைக் கொள்கை. முதல் உலகப் போரில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீரர்களை இழந்த கசப்பில் அமெரிக்கா அதைப் பற்றிக்கொண்டது. 1935 முதல் நடுநிலைச் சட்டங்களும் இயற்றியது. இருபுறமும் பெருங்கடல் இருக்க, போர் நம் கரைக்கு வராது என்ற நம்பிக்கைதான் அடிப்படை. தெருச்சண்டை என்றால் கதவைச் சாத்திக்கொள்வோமே, அப்படி. கல் நம் கூரையிலேயே விழுந்தால்?

1941 டிசம்பர் 7 அன்று சுமார் 350 ஜப்பானிய விமானங்கள் ஹவாய்த் தீவுகளிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கின. சுமார் 2,400 பேர் மாண்டனர். போர் நம் கரைக்கு வராது என்ற நம்பிக்கை தகர்ந்தது. மறுநாளே ஜப்பான் மீது போர் அறிவிப்பு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சேர்த்து எதிர்ப்பு வாக்கு ஒன்றே ஒன்று, உறுப்பினர் ஜெனட் ரேங்கினுடையது.

அதுவரை அமெரிக்கா முழு நடுநிலை காத்தது என்று நினைப்பது தவறு: 1941 மார்ச்சிலேயே கடன்-குத்தகைச் சட்டம் இயற்றி பிரிட்டனுக்கு ஆயுத உதவி தொடங்கியது, ஆகஸ்டில் ஜப்பானுக்கு எண்ணெயை நிறுத்தியது.