அஞ்சு பைசாவுக்கும் கடைக்குப் போன காலம்

போன இதழ்ல "உங்க தெருமுனைக் கடையைப் பத்தி எழுதுங்க"ன்னு கேட்டிருந்தேன். வந்த லெட்டர்ல பாதிக்கு மேல தாம்பரம் லைன்லேர்ந்துதான். நானும் குரோம்பேட்டைல வளர்ந்தவ, 80கள்ல ஸ்கூல் படிச்சவ, அதனால ஒவ்வொரு லெட்டரா படிக்கப் படிக்க எங்க தெருவே கண்ணு முன்னாடி வந்து நின்னுடுச்சு. இந்த வாரம் முழுக்க கடைங்கதான்.

கேள்வி: அக்கா, எங்க தெருமுனை அண்ணாச்சி கடையைப் போன மாசம் மூடிட்டாங்க. 40 வருஷக் கடை. ஷட்டர்ல 'வாடகைக்கு விடப்படும்'னு போர்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துடுச்சு, வீட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்க. ஒரு மளிகைக் கடைக்குப் போய் யாராச்சும் அழுவாங்களா?
வாசகி, பல்லாவரம்

அழுவாங்கம்மா. நான் அழுதிருக்கேன். வீட்டுல யாரும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகாம நீங்க தனியா போன முதல் இடம் எதுன்னு யோசிச்சுப் பாருங்க. கோயில் இல்ல, ஸ்கூல் இல்ல, அந்தக் கடைதான். உள்ளங்கைல காசை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "கால் கிலோ துவரம்பருப்பு, 25 பைசாவுக்குக் கடுகு, ஒரு கட்டு அப்பளம்"னு வழி நெடுக மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டே ஓடி, கடை வாசல்ல போய் நின்னதும் பாதி மறந்துபோய் முழிக்கறப்ப, எங்க அண்ணாச்சி தராசுலேர்ந்து கண்ணை எடுக்காமலே "என்ன பாப்பா, அம்மை என்ன வாங்கியாரச் சொன்னாவ, தாளிக்கவா குழம்பு வைக்கவா"ன்னு கேப்பாரு, அந்த ஒரு கேள்வில மறந்ததெல்லாம் திரும்ப வந்துடும்.

அவர் பொட்டலம் மடிக்கறத நான் எத்தனை தடவை வேடிக்கை பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. கிழிச்ச நியூஸ் பேப்பர் துண்டு ஒண்ண எடுத்து இடது கைல ஒரு சுத்து, கூம்பு ரெடி. அடிமுனைய ஒரு முறுக்கு முறுக்கி, கடுகை உள்ள கொட்டி, மேல் பக்கத்தை மூணா மடக்கி உள்ள சொருகிடுவாரு. சக்கரை, பருப்புன்னா பெரிய பேப்பர், அதுக்கு நூல் கட்டணும். நூல்கண்டு தலைக்கு மேல தொங்கும், பார்க்காமலே கையை மேல தூக்கி நுனியைப் பிடிச்சு இழுப்பாரு, ரெண்டு சுத்து இப்படி ரெண்டு சுத்து அப்படி, கடைசில விரல்ல ஒரு சுண்டு, நூல் அறுந்துடும். கத்தி கிடையாது, கத்தரி கிடையாது. வீட்டுக்கு வந்து அம்மா அந்த நூலை அவுத்து ஒரு கட்டைல சுத்தி வெப்பாங்க, பேப்பரை நான் படிப்பேன். பாதிச் செய்திதான் இருக்கும், மீதி வேற யார் வீட்டுப் பருப்போடயோ போயிருக்கும்.

எனக்கு அந்தக் கடைங்க மேல இருந்த பெரிய மரியாதையே இந்த அளவு விஷயம்தான். உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு. ஒரு ஸ்பூன் கடுகு வேணும்னா ஒரு ஸ்பூன். தேங்காய்ல அரை மூடி. நல்லெண்ணெய் 50 மில்லி, அதுக்கு நம்மளே பாட்டில் கொண்டு போகணும். பேனாவுக்கு ஒரு தடவை இங்க் ஊத்த 10 பைசா. அஞ்சு பைசா வெச்சிருக்கற பிள்ளை கூட அங்க கஸ்டமர்தான், பெரியவங்க வரிசைல நின்னு, தன் முறை வந்ததும் கண்ணாடி ஜாடியைக் காட்டி கமர்கட்டோ தேன்மிட்டாயோ கேட்டு வாங்கிட்டு வரலாம். அந்த மரியாதை கிடைச்ச இடம் மூடினா அழுகை வராம என்ன செய்யும்? நீங்க அழுங்க, சிரிக்கறவங்களும் அவங்கவங்க கடை மூடும்போது புரிஞ்சுப்பாங்க.

கேள்வி: கோலி சோடா பாட்டில்ல அந்தக் கோலி எப்படி உள்ள போச்சு, ஏன் வெளிய வரல? என் பொண்ணு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல.
வாசகர், சேலையூர்

பாட்டில் செய்யும்போதே கோலியை உள்ள போட்டுட்டு, அப்புறம்தான் வாயைக் குறுக்குவாங்க. வாய்க்குள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கும். சோடாவைக் கேஸோட அடைச்சு பாட்டிலைத் தலைகீழாக் கவுத்தா கோலி வாய்ப்பக்கம் வந்துடும், உள்ள இருக்கற கேஸ் அதைத் தள்ளி அந்த ரப்பர்ல ஒட்டவெச்சுடும், நிமித்தினாலும் விழாது. கேஸேதான் மூடி. கட்டை விரலாலயோ மரக்கட்டையாலயோ ஒரு அமுக்கு அமுக்கினா 'டப்'புன்னு கோலி இறங்கும், கேஸ் வெளிய வரும். கழுத்துல ரெண்டு பள்ளம் இருக்கும் பாருங்க, அந்தப் பக்கம் கீழ வர்ற மாதிரி பாட்டிலைச் சாய்ச்சா கோலி அங்க உக்காந்துக்கும், திரும்ப வாயை வந்து அடைக்காது. இது தெரியாம குடிக்கறவங்களுக்கு ஒவ்வொரு வாய்க்கும் அடைச்சுக்கும். இங்கிலாந்துல ஹைரம் காட்னு ஒருத்தர் 1872ல பேட்டன்ட் வாங்கின டிசைன் இது. நம்ம ஊர்ல ஒவ்வொரு பொட்டிக்கடைலயும் மரப்பெட்டில அடுக்கி, ஈரக் கோணியைப் போட்டு மூடி வெச்சிருப்பாங்க. பன்னீர் சோடா கேட்டு வாங்கிக் குடுங்க, வாசனையை அவ மறக்கவே மாட்டா.

கேள்வி: கோதுமை மாவு அரைக்க மில்லுக்கு அனுப்பும்போது அம்மா "முன்னாடி யாராச்சும் மிளகா அரைச்சாங்களான்னு கேட்டுட்டுப் போடு"ன்னு சொல்லுவாங்க. கேட்க வெட்கப்பட்டு ஒரு நாள் அப்படியே போட்டுட்டேன், அன்னிக்கு ராத்திரி சப்பாத்தி சாப்பிட்டு வீடே இருமிச்சு. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?
வாசகி, தாம்பரம் கிழக்கு

எங்க தெருவுல இது நடக்காத வீடே கிடையாது! சின்ன மில்லுல எல்லாத்துக்கும் ஒரே மெஷின்தான், முன்னாடி அரைச்சது கொஞ்சமாச்சும் உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும், அடுத்து வர்றவங்க மாவுல அது கலந்துதான் தீரும். அதனால மில்லுக்காரர் வரிசையை மாத்தி வெப்பாரு. நீங்க முதல்ல வந்திருந்தாலும் டப்பால மிளகா இருந்தா "கொஞ்சம் இருங்கம்மா, கோதுமை எல்லாம் முடியட்டும்"னு சொல்லிடுவாரு, யாரும் சண்டை போட மாட்டாங்க. மிளகா ஓடினதுக்கு அப்புறம் ஒரு கை அரிசியைப் போட்டு ஓட்டி மெஷினைச் சுத்தம் பண்ணிட்டுத்தான் அடுத்த ஆளு.

எங்களுக்கு மில்லு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். எலெக்ட்ரிக் ட்ரெய்ன் போறவரைக்கும் தூக்கு டப்பாவோட நிக்கணும். உள்ள போனா நீளமான பெல்ட்டு ஒண்ணு பட்டு பட்டுன்னு அடிச்சுக்கிட்டே ஓடும், பேசினா கேக்காது, சைகைதான். மில்லுக்காரருக்குப் புருவம், காது மடல் முடி எல்லாம் வெள்ளையா மாவு. மெஷின் வாய்ல ஒரு துணிக்குழாய் கட்டியிருக்கும், அதுக்குக் கீழ நம்ம டப்பாவை வெச்சு, கடைசில மரக்கட்டையால தகரத்தை நாலு தட்டு தட்டி ஒட்டிக்கிட்டு இருக்கறதையும் இறக்கிக் குடுப்பாரு. மாவு கொதிக்கக் கொதிக்க இருக்கும், டப்பாவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வந்தா வயித்துல சூடு. மழை நாள்ல அந்தச் சூடு எவ்வளவு சுகமா இருக்கும் தெரியுமா! வந்ததும் பேப்பர் விரிச்சு அதுல கொட்டி ஆறவிடணும், சூட்டோட மூடினா ஆவி மூடில தண்ணியா நின்னு மாவுல சொட்டி, கட்டி தட்டிப் போயிடும், சீக்கிரம் வண்டு வந்துடும். பாட்டி அந்த மாவுல ஒரு விரல் கோடு கிழிச்சுப் பார்த்து "நைசா இருக்கு"ன்னு சொன்னாத்தான் வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

கேள்வி: வாடகை சைக்கிள் கடைன்னு ஒண்ணு இருந்துச்சுன்னு சொன்னா என் பேரன் நம்ப மாட்டேங்கறான்.
வாசகர், நங்கநல்லூர்

ஆப்புல ஸ்கூட்டர் எடுத்து மணிக்கணக்குக்கு ஓட்டறாங்களே, அதுவேதான்னு சொல்லுங்க. ஆப்புக்குப் பதிலா ஒரு நோட்டு, அதுல உங்க அப்பா பேரு, எடுத்த டைம். எங்க கடைல மணிக்கு 1 ரூபாய், அரை மணிக்கு 50 பைசா, சின்னப் பசங்களுக்குன்னு அரை சைக்கிள் நாலஞ்சு தனியா நிக்கும். அது கிடைக்கலேன்னா பெரிய வண்டிலயே கம்பிக்கு நடுவுல காலை விட்டு குரங்குப் பெடல். கைல வாட்ச் கிடையாதுங்கறதால வழில போறவங்க எல்லார்கிட்டயும் மணி கேட்டுக்கிட்டே ஓட்டணும். 

கேள்வி: கேசட்டுல பாட்டு பதிவு பண்ணிக் குடுக்கற கடையைப் பத்தி ஏன் யாருமே எழுத மாட்டேங்கறாங்க? நான் காலேஜ் படிக்கும்போது அங்க நின்ன நேரம் கிளாஸ்ல உக்காந்த நேரத்தை விட அதிகம்.
வாசகர், குரோம்பேட்டை

நம்ம ஊர்க்காரர் கேட்டுட்டீங்க, கொஞ்சம் நீளமாவே எழுதறேன். வெள்ளைத் தாள்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுக்கணும். 60 கேசட்னா ஒரு பக்கம் 30 நிமிஷம், நாலரை நிமிஷப் பாட்டுன்னா ஆறு பாட்டு தாராளமாப் போகும், ஏழாவது இடிக்கும். அந்த ஏழாவது பாட்டுக்குத்தான் எவ்வளவு யோசனை! கடைக்கார அண்ணன் லிஸ்டை வாங்கிப் பார்த்து "இது சோகப் பாட்டு, இதுக்கு அப்புறம் டப்பாங்குத்து வேணாம், இடையில ஒரு மெலடி போடறேன்"ன்னு மாத்தி எழுதுவாரு. அவர் போட்ட வரிசைலதான் இன்னிக்கும் எனக்குப் பாட்டு ஞாபகம் இருக்கு, ரேடியோல ஒரு பாட்டு முடிஞ்சா அந்தக் கேசட்டோட அடுத்த பாட்டு மனசுல தானா ஆரம்பிச்சுடும். பக்கம் முடியறதுக்கு ரெண்டு நிமிஷம் மிச்சம் இருந்தா டேப்பைச் சும்மா ஓடவிட மனசு வராது அவருக்கு, வீணையோ புல்லாங்குழலோ ஏதோ ஒண்ணைப் போட்டு நிரப்பிடுவாரு, அது நமக்குக் கொசுறு.

மூணு நாள் கழிச்சு வரச் சொல்லுவாரு. அட்டைல பாட்டு வரிசையைச் சாஞ்ச எழுத்துல பச்சை இங்க்ல எழுதியிருப்பாரு. கேசட் மேல் விளிம்புல ரெண்டு குட்டி பிளாஸ்டிக் துண்டு இருக்கும், அதை உடைச்சுத் தரவான்னு கேப்பாரு, உடைச்சுட்டா யாரும் அழிச்சு வேற பதிய முடியாது. நான் எப்பவும் உடைக்கச் சொல்லுவேன், என் தம்பி அந்த ஓட்டைல செலோடேப் ஒட்டி கிரிக்கெட் கமென்ட்ரியைப் பதிஞ்சு வெப்பான். ஒரு கேசட்டுல பாதிப் பாட்டுல திடீர்னு "அவுட்"னு ஒரு சத்தம் வரும், அதைத் தூக்கிப் போட இன்னிக்கும் மனசு வரல.

கேள்வி: பழைய டப்பால 5, 10, 25 பைசா காசு நிறைய கிடைச்சுது. செல்லுமா?
வாசகி, மேடவாக்கம்

செல்லாதும்மா. 25 பைசாவும் அதுக்குக் கீழ உள்ளதும் 2011 ஜூன் 30லேர்ந்து செல்லாது. 50 பைசா மட்டும் சட்டப்படி செல்லும், கடைல வாங்கறாங்களாங்கறது வேற விஷயம். சதுரமா அஞ்சு பைசா, நெளிநெளியா பத்து பைசா, அறுகோணமா இருபது பைசா, இருட்டுல கூட விரலால தடவியே எவ்வளவுன்னு சொல்லிடலாம். குழந்தைங்க கைல குடுத்து கண்ணை மூடிக்கிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க.

கேள்வி: அந்தக் கடைங்க எல்லாம் போனதுக்கு சூப்பர் மார்க்கெட்தானே காரணம்?
வாசகர், பம்மல்

அது ஒரு காரணம், ஆனா அது மட்டும்னு சொல்ல மாட்டேன். எங்க தெருவை எடுத்துக்கோங்க. தையல் கடை, புத்தகம் வாடகைக்கு விடற லைப்ரரி, அண்ணாச்சி கடை எல்லாமே யாரோ ஒருத்தர் வீட்டோட முன் ரூம்தான், குறைஞ்ச வாடகை. அந்த வீடுங்களை இடிச்சு ஃப்ளாட் கட்டினாங்க, கீழ்த்தளம் கார் பார்க்கிங் ஆச்சு. கடை வைக்க இடமே இல்லாம போச்சு. இதை யாரும் பேசறதில்ல. அப்புறம் அந்தத் தொழில்ல இருந்த உழைப்பு. விடியறதுக்கு முன்னாடி காய் எடுக்கக் கொத்தவால்சாவடி போவாங்க, 1996க்கு அப்புறம் கோயம்பேடு, திரும்பி வந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் நின்னுக்கிட்டே வியாபாரம், பசங்க படிச்சு வேலைக்குப் போனா அதைத் தப்புன்னு எப்படிச் சொல்றது?

சின்ன அளவுல விக்கறது மட்டும் சாகல, அது வேற உருவத்துக்கு மாறிடுச்சு. பொட்டிக்கடைல சரம் சரமாத் தொங்கற ஷாம்பு சாஷே இருக்கே, அதுக்கு வழி போட்டவர் நம்ம கடலூர் சின்னி கிருஷ்ணன், அவர் மகன் ரங்கநாதன் 1983ல சிக் ஷாம்புவை ஆரம்பிச்சாரு. கைல ஒரு நாள் காசு மட்டும் இருக்கறவங்களும் வாங்கணும்ங்கற அதே எண்ணம்தான், ஆனா பேப்பர் பொட்டலம் மக்கிப் போச்சு, இது பல்லாவரம் ஏரில மிதக்குது. பழைய கடை வாசனை வேணும்னா வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போயிட்டு வாங்க, காலைலயே போயிடுங்க.

கேள்வி: அக்கா, 1989ல நாங்க திடீர்னு ஊரை விட்டுப் போக வேண்டியதாப் போச்சு. அண்ணாச்சி கடை நோட்டுல எங்க பேர்ல 112 ரூபாய் பாக்கி. அப்பா கடைசி வரைக்கும் அதைச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. கடை இப்ப அங்க இல்ல. என்ன பண்றது?
பேர் வேண்டாம்

முதல்ல அந்த இடத்துக்கு ஒரு தடவை நேர்ல போங்க. கடை போயிருக்கும், ஆனா பக்கத்துல அயர்ன் பண்றவரோ, பால் பூத்துல நிக்கறவரோ, பிள்ளையார் கோயில் குருக்களோ யாராச்சும் ஒருத்தருக்குக் கண்டிப்பா தெரிஞ்சிருக்கும், அண்ணாச்சி நெல்லைப் பக்கம் சொந்த ஊருக்குப் போயிட்டாரா, பையன் வேற எங்கயாச்சும் கடை வெச்சிருக்காரான்னு. போன் நம்பர் கிடைச்சா தயங்காம பேசுங்க. அவரே இருந்தார்னா அவர்கிட்ட, இல்லேன்னா பிள்ளைங்ககிட்ட. 112 ரூபாய்க்கு வட்டி எவ்வளவுன்னு எல்லாம் கணக்குப் போட்டுக் கவர்ல வெச்சு நீட்டாதீங்க, அவங்களுக்குச் சங்கடமா இருக்கும். ஒரு தட்டுல பழம், வெத்தலைபாக்கு, அதோட உங்களுக்குச் சரின்னு படற தொகை. வேணாம்னுதான் சொல்லுவாங்க, பேரப்பிள்ளை இருந்தா அது கைல குடுத்துடுங்க.

உங்க பேரைச் சொன்னா அவங்களுக்குத் தெரியாது. தெருப் பேரு, வீட்டு வாசல்ல என்ன மரம் இருந்துச்சு, அப்பா எந்த பிராண்டு காபித்தூள் வாங்குவாரு, இதைச் சொல்லுங்க.