மே 1-க்கும் "மேடே"க்கும் சம்பந்தம் உண்டா?

கேள்வி: விமானம் ஆபத்துல மாட்டுனா பைலட் "மேடே, மேடே"ன்னு சொல்றாரே, அதுக்கும் தொழிலாளர் தினத்துக்கும் என்னங்க சம்பந்தம்?

பதில்: ஒரு சம்பந்தமும் இல்லீங்க. "எனக்கு உதவுங்க"ன்னு சொல்ற பிரெஞ்சு வார்த்தை "மெதே", அதுதான் இப்படி ஆச்சு. 1920கள்ல லண்டன் க்ராய்டன் ஏர்போர்ட்ல ரேடியோ அதிகாரியா இருந்த ஃப்ரெடரிக் மாக்ஃபோர்டு கொண்டு வந்தது, அங்கருந்து நிறைய விமானம் பாரிஸ் பக்கம் லெ பூர்ஜேவுக்குப் போய் வந்துட்டு இருந்ததால ரெண்டு நாட்டுக்காரங்களுக்கும் புரியணும்ல. அதுக்கு முன்னாடியே இருந்த ஆபத்து சிக்னல் எஸ்.ஓ.எஸ். தந்திக்கு சரி, ஆனா வாயால சொன்னா அந்தக் கால ரேடியோ இரைச்சல்ல "எஸ்" தெளிவா கேக்காது. 1927 வாஷிங்டன் ரேடியோ மாநாட்டுல "மேடே"யை உலக அளவுல ஏத்துக்கிட்டாங்க. மூணு தடவை சொல்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், பேச்சுவாக்குல வந்த வார்த்தையோன்னு கேக்கறவருக்கு சந்தேகமே வரக்கூடாது பாருங்க. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத அவசரம்னா "பான் பான்", அதுவும் பிரெஞ்சுதான், பழுதுன்னு அர்த்தம்.