கூரைக்குள் பொசம்: மெல்பேர்னில் பிடிக்கலாமா?

தம்பி, வாடகை வீட்டுக் கூரைக்குள் இரவில் ஆள் நடப்பதுபோல் சத்தம் என்கிறீர்கள். நியூசிலாந்தின் ஓக்லண்டில் இருக்கும் மச்சான் "பொறி வைத்துப் பிடித்துக் கொல்லு" என்றாராம். பொறியை இப்போதைக்கு வாங்கவேண்டாம்.

எலியென்றால் பரபரவென்று சுரண்டும். தொம் தொம் என்று நடந்து தொண்டையால் உறுமினால் அது பிரஷ்டெயில் பொசம். பூனையளவு, புசுபுசுத்த வால். ஊரில் சீலிங்குக்குள் புகும் மரநாயின் இனமல்ல. கங்காருபோலப் பையில் குட்டி வளர்ப்பது. வால் நுனி வெள்ளையாக, ஆள் சிறிதாக இருந்தால் ரிங்டெயில். அது மரத்தில் கூடு கட்டும், கூரைக்கு வருவது குறைவு.

மச்சான் சொன்னது அவருடைய நாட்டுக்குச் சரிதான். ரோம வியாபாரத்துக்காகப் பிரஷ்டெயிலை இங்கிருந்து நியூசிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1837இல் விட்டவை நிலைக்கவில்லை, 1858இல் விட்டவை பெருகிவிட்டன. இங்கே டிங்கோ என்ற காட்டுநாயும் காட்டுத்தீயும் நஞ்சுள்ள யூகலிப்டஸ் இலையும் அதன் தொகையை அடக்கி வைத்தன. அங்கே எதுவுமில்லை. ராட்டா மரங்களை மொட்டையடித்தது, கொக்காக்கோ பறவையின் முட்டையையும் குஞ்சையும் தின்றது, மாடுகளுக்குக் காசநோய் பரப்பியது. 2050க்குள் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது என்பது அந்த அரசின் இலக்கு.

மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் அதே விலங்குக்கு 1975ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. விஷம் வைத்தால் குற்றம். கட்டடத்துக்குள் இருக்கும் பிரஷ்டெயிலைக் கூட்டுப்பொறியில் பிடித்தாலும், அன்றைக்கே பொழுதுபட்ட பிறகு, பிடித்த இடத்திலிருந்து 50 மீற்றருக்குள் விடவேண்டும். காரில் ஏற்றித் தூரக் காட்டில் விடுவதைப் புண்ணியமென்று நினைப்பவர்கள் உண்டு, அதுவும் சட்டவிரோதம். புதிய இடத்தில் ஏற்கெனவே இருப்பவை துரத்தும், ஒதுங்கப் பொந்து கிடைக்காது, பெரும்பாலும் செத்துப்போகும். இங்கே காலியான கூரைக்கு அடுத்தது வந்துவிடும். ஆகவே வேலை பொசத்தில் இல்லை, ஓட்டையில்.

வாடகை வீடென்பதால் முதலில் ஏஜென்டுக்கு எழுத்தில் அறிவியுங்கள். கூரையில் நீங்கள் ஏறாதீர்கள். எந்த வழியால் வெளியே வருகிறதென்று மட்டும் இருட்டும் நேரத்தில் முற்றத்தில் நின்று பாருங்கள். விலகிய ஓடு, உக்கிய இறவாரப் பலகை, கூரையைத் தொடும் கிளை: அநேகமாக இந்த மூன்றில் ஒன்று. அதன் உடம்பு உரசிய எண்ணெய்க்கறை வழியைக் காட்டிக்கொடுக்கும்.

அடைப்பதற்கு முன் மரத்தில் நாலு மீற்றர் உயரத்தில் ஒரு கூட்டுப்பெட்டி கட்டவேண்டும். போக்கிடம் இல்லாவிட்டால் அது ஓட்டைப் பிய்த்துக்கொண்டு திரும்பும். பிறகு, இருட்டி அது வெளியே போனதும் தடித்த கம்பிவலையோ தகரமோ வைத்துத் திருகாணியால் அடைக்கவேண்டும். கோழிவலையும் ஃபோமும் நிற்காது. பெரிதாகக் கெடுவது ஒன்றுதான்: குட்டி உள்ளே சிக்கினால் தாய் வெறிபிடித்துக் கூரையைக் கிழிக்கும், குட்டி செத்தால் நாற்றம் வாரக்கணக்கில் போகாது. அடைத்தபின் உள்ளே அசைவு கேட்டால் அந்த இரவே திறந்துவிடவேண்டும். கிளைகளைக் கூரையிலிருந்து ஒன்றரை மீற்றராவது விலக்கி வெட்டுங்கள். தனித்து நிற்கும் மரமென்றால் அடியில் 60 சென்ரிமீற்றர் அகலத் தகரத்தைச் சுற்றினால் ஏறமுடியாது, நகம் வழுக்கும்.

தேசிக்காய் தோலுரிந்து மரத்திலேயே தொங்குகிறது என்றீர்களே, அதுவும் இவரின் வேலைதான். தோலைத் தின்றுவிட்டுப் பழத்தை விட்டுவிடுவார். வலை போடுவதென்றால் கண் 5 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. 2021 செப்டெம்பரிலிருந்து இங்கே அதுதான் சட்டம். சுண்டுவிரல் நுழைகிற வலையை வாங்காதீர்கள், வௌவாலும் பாம்பும் சிக்கிச் சாகும். பாவமென்று பாண் துண்டும் போடவேண்டாம்.

தெருவில் அடிபட்டுக் கிடப்பதைக் கண்டால் வைல்ட்லைஃப் விக்டோரியா என்ற வனவிலங்கு மீட்பு அமைப்புக்கு அழையுங்கள். தாய் செத்திருந்தாலும் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கலாம். முலைக்காம்பிலிருந்து அதை இழுத்தெடுக்காதீர்கள், வாய் கிழிந்துவிடும்.