கல்லாப்பெட்டி காலேஜுக்குப் போயிருக்கிறது

கேள்வி: இரண்டு வருடமாக, ஒருமுறை இருமுறை கட்டிய பட்டுப்புடவைகளை வாங்கி இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் விற்று வருகிறேன். மகளிர் உரிமைத் தொகையைச் சேர்த்து வைத்துத்தான் முதல் புடவைகளை வாங்கினேன். 1,500 ரூபாய்க்கு வாங்குவதை 2,400-க்கு விற்கிறேன், 900 ரூபாய் லாபம். இப்போது ஒரே ரிட்டர்ன் தொல்லை. போட்டோவில் ஒரு நிறம், நேரில் ஒரு நிறம் என்கிறார்கள். மடிப்பில் கிழிந்துவிட்டது என்கிறார்கள். பணம் போட்டதாக ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிய இரண்டு பேரிடம் 6,400 ரூபாய் ஏமாந்துவிட்டேன். ஜிபே என் மகன் ஃபோனில்தான் இருக்கிறது, அவன் காலேஜ் விட்டு வந்து பார்த்துச் சொல்வான். எனக்கு பேங்க் விவரமெல்லாம் தெரியாது. கோவையில் ஒரு அம்மா புடவையைத் திருப்பி அனுப்பிவிட்டார். மகன் பணத்தை மாசக் கடைசியில் போடுகிறேன் என்றான். அதற்குள் அந்த அம்மா என்னை ஃபிராடு என்று குரூப் குரூப்பாக எழுதிவிட்டார். பிளஸ் டூ படிக்கும் என் மகள்தான் அளவெடுத்து, போட்டோ எடுத்து, பேக் செய்கிறாள், அவளுக்கும் அலுத்துவிட்டது. இந்த மாதிரி கஸ்டமர்களை எப்படிச் சமாளிப்பது? பேசாமல் விட்டுவிடலாமா?
— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: கோவை அம்மாள் மீது உங்களுக்கு எவ்வளவு கோபம் என்று கடிதத்திலேயே தெரிகிறது. எனக்கு அவர் மீது கோபமே வரவில்லை. புடவை உங்கள் கைக்கு வந்துவிட்டது, பணம் அவர் கைக்குப் போகவில்லை. அவர் வேறு என்னவென்று எழுதுவார்?

ஜிபே மகன் ஃபோனில் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் போகவில்லை.

ஸ்க்ரீன்ஷாட்டில் எப்படி ஏமாந்தீர்கள் என்று நான் சொல்கிறேன், சரியா பாருங்கள். காலை பதினோரு மணிக்கு, “பணம் போட்டுட்டேன்க்கா, நாளைக்கு வளைகாப்பு, இன்னிக்கே அனுப்பிடுங்க” என்று மெசேஜ் வருகிறது. கூடவே பச்சை டிக் போட்ட படம். மகனைக் கூப்பிடுகிறீர்கள், வகுப்பில் இருக்கிறான், எடுக்கவில்லை. கூரியர் பையன் வாசலில் நிற்கிறான். பாவம், வளைகாப்பாச்சே என்று கொடுத்துவிடுகிறீர்கள். சாயங்காலம் மகன் வந்து ஃபோனைப் பார்த்துவிட்டு, எதுவும் வரலையே என்கிறான். அந்தப் பச்சை டிக்கை எவரும் உண்டாக்கலாம், அதற்கென்றே போலி ஆப்கள் இருக்கின்றன. பணம் வந்ததா என்பதற்கு உங்கள் பேங்க் கணக்கில் ஏறியிருக்கும் வரவுதான் சாட்சி. அந்தச் சாட்சியை நீங்கள் வேறொருவர் சட்டைப்பையில் வைத்திருக்கிறீர்கள்.

கடை உங்கள் வீட்டில் இருக்கிறது, கல்லாப்பெட்டி காலேஜுக்குப் போயிருக்கிறது. இதற்குக் கஸ்டமர் என்ன செய்வார்?

அந்த “மாசக் கடைசி” இன்னும் மோசம். வந்த பணம் கணக்கில் இருந்தால் திருப்பிப் போட ஒரு நிமிடம் போதும். மாசக் கடைசி வரை ஆகும் என்றால் பணம் இல்லை என்று அர்த்தம். எங்கே போயிற்று? நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எழுதியிருப்பீர்கள். பையனைத் திருடன் என்று நான் சொல்லமாட்டேன். காலேஜ் படிக்கும் பிள்ளையின் ஃபோனில் நாள் தவறாமல் ஆயிரமும் இரண்டாயிரமும் வந்து விழுந்து, ஒரு கேள்வியும் வராவிட்டால் எவனுக்கும் கை நீளும். நீள விட்டது நீங்கள்.

பேங்க் விவரம் தெரியாது என்கிறீர்கள். மகளிர் உரிமைத் தொகை, 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய நாளிலிருந்து, குடும்பத் தலைவியின் சொந்தக் கணக்குக்குத்தான் வருகிறது. மகன் கணக்குக்கு வராது. ஆகவே உங்கள் பெயரில் கணக்கு இருக்கிறது, அதில் பணம் ஏறுவதும் உங்களுக்குத் தெரிகிறது, அதை எடுத்துச் சேர்த்து முதல் போடவும் தெரிந்திருக்கிறது. அதே கணக்கை வைத்து உங்கள் ஃபோனில் யுபிஐ போட்டுக்கொள்ளலாம். டெபிட் கார்டு இல்லையென்றால் ஆதார் ஓடிபி வைத்தும் பின் நம்பர் போடலாம். பேங்கிலும் ஆதாரிலும் உங்கள் ஃபோன் நம்பரே இருக்க வேண்டும். பேங்கில் இல்லையென்றால் பாஸ்புக்கோடு கிளைக்கும், ஆதாரில் இல்லையென்றால் ஆதார் மையத்துக்கும் போய்ச் சேர்த்துவிட்டு வாருங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. எவராவது பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள் என்றால் அங்கேயே பிளாக் செய்யுங்கள்.

சரிகை நூலை நகத்தால் பிரித்து, உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கிறதா, அசல் சரிகைதானா என்று பார்த்து வாங்கும் தொழில் உங்களுடையது. அப்படிப்பட்டவருக்கு பேங்க் மெசேஜ் படிக்க வராது என்றால் நான் நம்புவதாக இல்லை. பணம் ஆண் பிள்ளை கையில் இருப்பதுதான் முறை என்று உங்களுக்குள் ஊறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். மகள் அளவெடுக்கிறாள், போட்டோ எடுக்கிறாள், டேப் ஒட்டுகிறாள். மகன் வரவு வைத்துக்கொள்கிறான். இதை எழுதும்போது உங்களுக்கு உறுத்தக்கூட இல்லை. சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். உங்கள் வீட்டில் அவள் பங்கு இன்னும் பேக்கிங் டேப்போடு நிற்கிறது. பிள்ளையின் படிப்புக்கும் செலவுக்கும் கொடுப்பது பெற்றவர் கடமை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் கேட்டு வாங்கட்டும், எதற்கென்று சொல்லி வாங்கட்டும்.

அவன் நல்லதுக்காகவும் சொல்கிறேன். முகம் தெரியாத நூறு பேரிடமிருந்து வரும் பணம் அவன் பெயரில், அவன் பான் நம்பரில் பதிவாகிறது. அதில் ஒருவர் அனுப்பியது சைபர் மோசடிப் பணமாக இருந்து, புகார் எழுந்தால், போலீஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் பேங்க் அந்தக் கணக்கை முடக்கி வைக்கும். செமஸ்டர் ஃபீஸ் கட்டும் நேரத்தில் அது நடந்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் 6,400 ரூபாய்க்கு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு ஃபோன் செய்து புகார் கொடுத்தீர்களா? அதைப் பற்றியும் எழுதவில்லை. அந்த ஸ்க்ரீன்ஷாட்டுகள், அந்த நம்பர்கள், கூரியர் ரசீது எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு இன்றாவது கொடுங்கள். உங்கள் கணவருக்கு இந்தப் பணம் போனது தெரியுமா? கடிதம் முழுக்க அவர் இல்லவே இல்லை. தெரியாதென்றால் இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் சொல்லிவிடுங்கள். குரூப்பில் நானூறு பேருக்குத் தெரிந்தது கட்டியவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

இனி புடவைக்கு வருகிறேன். நிறம் மாறுகிறது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. டியூப்லைட்டில் எடுத்தால் அரக்கு மெரூனாகிவிடும், மெரூன் சிவப்பாகிவிடும். எம்.எஸ். ப்ளூவை ஒவ்வொரு ஃபோனும் ஒவ்வொரு நீலமாகக் காட்டும். மயில்கழுத்தைப் போட்டோவில் பிடிக்கவே முடியாது. ஊடும் பாவும் வேறு வேறு நிறம் என்பதால் புரளும்போதுதான் நிறம் தெரியும். காலை வெளிச்சத்தில், நேர் வெயில் படாத ஜன்னலோரம் வைத்து, கையால் புரட்டிக் காட்டி வீடியோ எடுங்கள். ஃபில்டர் கூடாது. முந்தியை மட்டும் காட்டி முடித்துவிடாமல் கொசுவம் வரும் பகுதி, ஃபால்ஸ் தைத்த கீழ் ஓரம், ரவிக்கையில் அக்குள் பக்கம் மூன்றையும் காட்டுங்கள். கட்டிய புடவையில் கறை இருப்பது அங்கேதான். வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும்.

மடிப்பு விஷயத்தில் கோபப்பட உங்களுக்கு உரிமையே இல்லை. வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டிலேயே இற்றுவிடும், சரிகை வரும் இடத்தில் இன்னும் சீக்கிரம். வாங்கும்போதே முழுப் புடவையையும் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கோடுகோடாக வெளுத்துத் தெரிந்தால் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் விலகினால் அது கட்டுகிற புடவை அல்ல. “வெட்டித் தைக்க மட்டும்” என்று எழுதிக் குறைந்த விலைக்குப் போடுங்கள். குழந்தைக்குப் பட்டுப்பாவாடை தைக்க வாங்குவார்கள். அசல் சரிகையாக இருந்தால், ‘பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்’ என்று போர்டு வைத்திருப்பவர்களிடம் வெள்ளிக்காகப் போகும். எரித்துத்தான் வெள்ளி எடுப்பார்கள், எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் இற்ற புடவையை நல்ல புடவை என்று சொல்லி ஒரு பெண்ணுக்கு அனுப்புவதைவிட அது மேல். நகத்தில் பிரித்தால் செம்போ பாலியஸ்டரோ தெரிகிற சரிகையைப் ‘ப்யூர்’ என்று போடாதீர்கள். அசல் சரிகை இல்லை என்று தெரியும்படி ‘டெஸ்டட்’ என்றே போடுங்கள், அதற்கும் வாங்க ஆள் இருக்கிறார்கள்.

அந்துருண்டை வாசனைக்கு இரண்டு நாள் நிழலில் காற்றாட விடுங்கள், செண்ட் அடிக்காதீர்கள். சிஓடி, அதாவது பார்சல் கைக்கு வந்தபின் பணம் என்பது வேண்டாம். வேறு யாருக்கும் விற்காமல் எடுத்து வையுங்கள் என்று ஹோல்டு கேட்பவர்கள் அட்வான்ஸ் போடட்டும். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லி வாங்குகிறவர்களிடம் கேளுங்கள். மூடும்போது நீங்களும் ஒன்று எடுத்து வையுங்கள். பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் அனுப்புவதாக இருந்தால் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். சின்ன வியாபாரத்துக்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்ற சலுகை வெளிமாநில விற்பனைக்கு அப்படியே பொருந்தாது.

உங்கள் 900 ரூபாய் லாபக் கணக்கும் தப்பு. சுருக்கம் எடுக்கும் ரோலிங்குக்கும் பாலிஷுக்கும் 250, கூரியருக்கு 100, கவருக்கும் டேப்புக்கும் 20 என்று வைத்தால் கையில் நிற்பது 530. ஏமாந்த 6,400-ஐப் பிடிக்கப் பன்னிரண்டு புடவை விற்க வேண்டும், அப்போதும் நாற்பது ரூபாய் குறையும். இதில் உங்கள் உழைப்புக்கும் மகள் உழைப்புக்கும் ஒரு பைசா போடவில்லை. ஒரு நோட்டில் எழுதியிருந்தால் இது ஆறே மாதத்தில் கண்ணில் பட்டிருக்கும். நோட்டில் எழுத வரவு உங்களிடம் வந்தால்தானே?

தொழிலை விட வேண்டாம். கோவை அம்மாளுக்கு இன்றே பணத்தைப் போடுங்கள், உரிமைத் தொகைக் கணக்கில் போதவில்லை என்றால் கணவரிடம் வாங்கிப் போடுங்கள். மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதுங்கள். மகன் காலேஜில், பேங்க் லீவு என்று காரணம் சொல்லாதீர்கள். பழைய ஜிபே நம்பர் இனி செல்லாது என்று எல்லா குரூப்பிலும் போடுங்கள். மகனிடம் இரண்டு வருட ஸ்டேட்மெண்டை எடுத்துத் தரச் சொல்லி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தே படியுங்கள். கத்த வேண்டாம், படித்தால் போதும்.

மகளுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. அது முடியும்வரை அவள் ஒரு பார்சலையும் தொடக் கூடாது. காலேஜ் விட்டு வந்ததும் அண்ணன்காரன் பேக் செய்யட்டும். எனக்குப் புடவை மடிக்கத் தெரியாது என்பான். தங்கையைக் கூப்பிடாதீர்கள், நீங்களே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுங்கள்.