அலெக்ஸ் ஹால்டர்மேனின் ஆராய்ச்சியால் நடைமுறையில் என்ன மாறியது?

மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியரான இவர், 2010-ல் இந்திய மின்னணு வாக்கு இயந்திரத்தைப் பிரித்து ஆராய்ந்த குழுவிலும் இருந்தார். ஆனால் என்னைக் கேட்டால், அதே ஆண்டு வாஷிங்டன் டிசி நடத்திய இணைய வாக்களிப்புச் சோதனைதான் பாடம். வாக்காளர் அனுப்பும் வாக்குச்சீட்டு பிடிஎஃப்-ஐ என்க்ரிப்ட் செய்ய (பிறர் படிக்க முடியாதபடி மாற்ற), சர்வர் அந்தக் கோப்பின் பெயரை ஷெல் (எழுத்தில் தரும் கட்டளைகளை இயக்கும் நிரல்) கட்டளையில் இரட்டை மேற்கோளுக்குள் வைத்தது. மேற்கோளுக்குள் இருந்தாலும், டாலர் குறியிட்ட கட்டளையை ஷெல் இயக்கிவிடும். சர்வர் கோப்புப் பெயரை மாற்றியது; எக்ஸ்டென்ஷனை (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் பகுதியை) மட்டும் அப்படியே விட்டுவிட்டது. ஹால்டர்மேன் குழுவினர் அதில் கட்டளையை எழுதி அப்லோட் செய்தார்கள். சோதனை தொடங்கி 48 மணி நேரத்துக்குள் சர்வர் அவர்கள் கையில். போட்ட ஓட்டுகளையே மாற்றினார்கள். ஷெல்லை நடுவில் விடாமல் பெயரை என்க்ரிப்ட் செய்யும் நிரலுக்கே தனி ஆர்கியுமென்ட்டாக (உள்ளீடாக) கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்புக் குறையே இல்லை. இணையவழி வாக்குத் திட்டம் அந்தத் தேர்தலில் கைவிடப்பட்டது.

அன்றாடம் நம்மைத் தொடுவது வேறு: அவர் இணைந்து நிறுவிய, இணையதளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட். சிறு தளங்களுக்கும் இலவச எச்டிடிபிஎஸ் (பிரவுசருக்கும் தளத்துக்கும் இடையிலான பாதுகாப்பான இணைப்பு) சான்றிதழ் பரவலானது இதனால்தான். சான்றிதழின் ஆயுள் குறைவு என்பதால் தானியங்கிப் புதுப்பிப்பு நடைமுறையில் அவசியம். அது நின்றுபோய்ச் சான்றிதழ் காலாவதியானால் பிரவுசர் எச்சரிக்கை காட்டும்.