பூட்டிக் கிடந்த வீட்டில் தண்ணீரைத் திறந்துவிடுவது யார் பொறுப்பு?

அன்புள்ள தம்பிக்கு,

டெட்ராய்ட்டின் புறநகரில் வங்கி ஜப்தி செய்து விற்கும் வீடு ஒன்றை வாங்கவிருப்பதாகவும், ஆய்வுக்கு வந்த ஹோம் இன்ஸ்பெக்டர் தண்ணீரையும் கேஸையும் திறந்துவிட மறுத்துப் பாதி வீட்டைப் பார்க்காமலே போய்விட்டதாகவும், வால்வை நீங்களே திறந்துகொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம், பனிக்காலக் கார் டயர் ஆகியவை பற்றிய கேள்விகளுக்கு இங்குள்ள எவரும் பதில் சொல்லிவிடுவார்கள் என்பதால், இந்த ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

திறக்காதீர்கள். அவர் மறுத்தது சோம்பலால் அன்று. தொழில் தெரிந்தவர் என்பதற்கு அதுவே அடையாளம். ஆஷி, இன்டர்நாச்சி போன்ற இன்ஸ்பெக்டர் சங்கங்களின் விதிமுறைகளின்படி, அடைத்து வைத்த வால்வைத் திறப்பதும் ஹீட்டருக்குள் எப்போதும் எரியவேண்டிய பைலட் என்னும் சிறு சுடர் அணைந்திருந்தால் அதை ஏற்றுவதும் இன்ஸ்பெக்டரின் கடமையில் சேராதவை. அவர் வழக்கமான குழாயையும் ஸ்விட்சையும் இயக்கிப் பார்ப்பார். இயங்காத நிலையில் இருப்பதை, ஏன் பார்க்க முடியவில்லை என்ற காரணத்தோடு அறிக்கையில் எழுதுவார். அந்த எல்லையைத் தாண்டி வால்வைத் திருப்பினால், பின்னால் வரும் சேதத்துக்கு அவர் கைதான் காரணம் என்றாகிவிடும். அவர் எடுத்திருக்கும் தொழில் பிழைக் காப்பீடு அறிக்கையில் நேரும் தவறுக்கானது. வெள்ளம் புகுந்த தளத்துக்கு அது கைகொடுக்கும் என்று நம்பி எவரும் வால்வில் கை வைக்க மாட்டார்கள். அதிலும் இல்லினாய்ஸிலும் டெக்சாஸிலும் ஹோம் இன்ஸ்பெக்டருக்கு மாநில உரிமம் உண்டு, நம் மிச்சிகனில் அது கிடையாது. ஆகவே அவரோடு போடும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே உங்களுக்கு மிஞ்சும் பாதுகாப்பு. அதை வரி விடாமல் படியுங்கள்.

குளிர்நாட்டில் ஆளில்லாத வீட்டின் ஆபத்து நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவடைகிறது. சுவருக்குள் ஓடும் செப்புக் குழாய் பிளந்தாலும், உள்ளே தண்ணீர் வராதவரை ஒரு சொட்டும் வெளியே தெரியாது. முறையாக மூடிய வீடென்றால் காற்றழுத்தத்தால் குழாய்களைக் காலிசெய்து, கழிப்பறைக் கோப்பையில் இளஞ்சிவப்பு நிற உறையெதிர்ப்பு நீரை ஊற்றி, மேலே நாடா ஒட்டியிருப்பார்கள். அந்த நாடா இருப்பதால் மட்டும் குழாய் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. உறைந்து வெடித்த பிறகு வந்து ஒட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு.

2008 வீட்டுக்கடன் நெருக்கடிக்குப் பிந்தைய ஆண்டுகளில் இங்கே தெருவுக்குத் தெரு வீடுகள் காலியாகக் கிடந்தன. அப்போது எங்கள் நண்பர் ஒருவர் வாங்கவிருந்த வீட்டில் அவருடைய வீட்டு ஏஜென்ட் நிலவறை வால்வைத் திருப்பியபோது நானும் உடன் இருந்தேன். முதலில் காற்றுச் சீறும் ஓசைதான் கேட்டது. பிறகு மேலே சமையலறைக் கூரையில் விளக்கு பொருத்திய துளை வழியாகத் தண்ணீர் நூலாக இறங்கியது. நாங்கள் மூடுவதற்குள் கூரைப் பலகை உப்பித் தொங்கிவிட்டது. ஏஜென்டுக்கு அனுமதி கொடுக்கவில்லை என்றது வங்கி. வாங்குபவர் அவசரப்படுத்தினார் என்றார் ஏஜென்ட். கடைசியில், தன் பெயருக்கு இன்னும் வராத வீட்டைச் செப்பனிட்டுக் கொடுத்தவர் என் நண்பர்தான். அவர் மனைவியின் நகை விற்ற பணம் அதில் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறுவதில்லை.

கேஸ் இதைவிடக் கொடியது. அடுப்பைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் குழாய் வாயை மூடாமல் விட்டிருந்தால், வால்வைத் திறந்ததுமே வீட்டுக்குள் கேஸ் பரவத் தொடங்கிவிடும். மின்சார ஹீட்டரில் தண்ணீர் நிரம்பாமல் ஸ்விட்சைப் போட்டால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். இறக்கி வைத்த மின்சாரப் பிரேக்கரை யாரோ ஒரு காரணத்தோடுதான் இறக்கியிருப்பார்கள், அதையும் தொடாதீர்கள்.

ஆகவே, விற்கும் வங்கியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இணைப்புகளை யார் திறப்பது, யார் செலவில், சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு, ஆய்வு முடிந்தபின் மறுபடி யார் காலிசெய்து மூடுவது என்பவை அதில் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற பிளம்பர் முதலில், குழாய்களில் காற்றை அடைத்துக் கசிவு பார்க்கும் காற்றழுத்தச் சோதனை செய்யட்டும். தேறினால் அவரே தண்ணீரைத் திறக்கட்டும். கேஸைக் கேஸ் நிறுவனத்தின் ஆள் வந்து திறக்கட்டும். தண்ணீர், கேஸ், மின்சாரம் மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும் நாளில் இன்ஸ்பெக்டரை மறுபடி அழையுங்கள். ஆய்வுக்கான கெடு இதற்குள் முடிந்துவிடும் என்றால் நீட்டிப்பையும் எழுத்தில் கேளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்னதை நம்பி, ஆய்வே வேண்டாம் என்று கையெழுத்திடும் நம்மவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. திருநெல்வேலியில் தெருக்குழாயடியில் குடத்தோடு நின்று வளர்ந்த நான், இங்கே முதல் குளிர்காலத்தில் வாடகை நிலவறையில் குழாய் உறைந்து கிடக்க, யாரைக் கேட்பதென்று தெரியாமல் தவித்தேன். பிறகு பிளம்பர்களின் பின்னாலேயே நின்று ஒவ்வொரு வால்வின் பெயரையும் கற்றுக்கொண்டேன். இன்று எங்கள் தெருவில் வெள்ளைக்காரர்களே என்னிடம் வந்து கேட்கிறார்கள். உங்கள் பிளம்பர் சோதனைக்கு வரும் நாள் சனிக்கிழமையாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.